முழங்காலுக்குள் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. படத்துக்கு என்ன ஆகிறது?

முழங்கால் மூட்டு மாற்று செய்துகொண்டவரையோ, ஜவ்வு கிழிந்து ஸ்க்ரூ வைத்துக்கொண்டவரையோ எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னால், "உள்ளே உலோகம் இருக்கிறதே, எடுக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதன் கூடவே கேட்க வேண்டிய இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "எடுத்தால் தெரியுமா?"

இந்த இரண்டும் வேறு வேறு விஷயம். பாதுகாப்பாக எடுக்க முடிகிற ஒரு இம்பிளான்ட், படத்தைப் பார்க்கவே முடியாதபடி கெடுத்துவிடலாம். ஒரே அளவிலான இரண்டு இம்பிளான்ட்களில் ஒன்று மூட்டின் பாதியை மறைக்கும், இன்னொன்று தன்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்போடு விட்டுவிடும். வித்தியாசம் பெரும்பாலும் அவை எதனால் செய்யப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. மீதி, ஸ்கேன் எடுப்பவர் கையில்.

பாதுகாப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். காந்தம் இழுக்குமா என்பதுதான் பலருடைய பயம். மூட்டு மாற்றில் பயன்படும் உலோகங்கள் சமையலறைக் கத்தி போலக் காந்தத்தில் ஒட்டுகிற வகை இல்லை. கோபால்ட் தனியாக இருந்தால் காந்தம் அதை இழுக்கும். ஆனால் 27 முதல் 30 சதவீதம் குரோமியமும் 5 முதல் 7 சதவீதம் மாலிப்டினமும் கலந்த மருத்துவக் கலவையில் அந்தக் குணம் போய்விடுகிறது. அறுவை சிகிச்சைக்கான 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நிக்கல் கலந்திருப்பதால் அப்படித்தான். இம்பிளான்ட்களை எம்.ஆர்.ஐ.க்குப் பாதுகாப்பானவை, நிபந்தனையோடு பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முழங்கால் உலோகங்கள் பொதுவாக நடு வகை: இத்தனை டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வரை, இவ்வளவு ரேடியோ சக்திக்குள், இந்தச் சூழ்நிலையில் எடுக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக்கொடுத்திருப்பார். காலுக்கு வெளியே மாட்டுகிற சட்டங்கள் வேறு கணக்கு. அவை சூடாகும் அபாயம் அதிகம், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, இனி படத்துக்கு வருவோம்.

சுருதியை வைத்து இடம் கண்டுபிடிக்கும் இயந்திரம்

எம்.ஆர்.ஐ. கேமரா போல வெளிச்சத்தைப் பிடிப்பதில்லை, எக்ஸ்ரே போல ஊடுருவிப் பார்ப்பதும் இல்லை. நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களிடமிருந்து வரும் ரேடியோ சிக்னலைக் கேட்கிறது. வலுவான காந்தப்புலத்தில் இந்த அணுக்கருக்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழலும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. காந்தப்புலம் கூடினால் அதிர்வெண் கூடும், குறைந்தால் குறையும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒரு நீளமான பெஞ்சில் பாடகர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் இருப்பவர் தாழ்ந்த சுருதியில், அடுத்தவர் ஒரு பொடி கூடுதலாக, அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக என்று பாடுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பவர்கூடச் சுருதியை வைத்து, இது ஐந்தாவது இடத்திலிருந்து வருகிறது, இது எட்டாவதிலிருந்து என்று சொல்லிவிடுவார். எம்.ஆர்.ஐ. செய்வதும் இதுதான். காந்தப்புலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகக் கூட்டிக்கொண்டே போகிறது. அதனால் ஒவ்வொரு இடமும் கொஞ்சம் வேறு சுருதியில் ஒலிக்கிறது. சுருதியைக் கேட்டு இடத்தை முடிவு செய்து, அங்கே ஒரு புள்ளி வைக்கிறது.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: காந்தப்புலம் இயந்திரம் நினைத்தபடியே இருக்கிறது என்ற நம்பிக்கை. உள்ளே ஒரு உலோகத் துண்டு இருந்தால் அது தன்னைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை வளைத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் சுருதி பிசகும். ஐந்தாவது இடத்தில் இருப்பவர் எட்டாவது ஆளின் சுருதியில் பாடினால், கேட்பவர் அவரை எட்டாவது இடத்தில்தான் எழுதுவார். திசு இருப்பது ஒரு இடம், படத்தில் தெரிவது வேறு இடம்.

உலோகம் எந்த அளவுக்குப் புலத்தை வளைக்கும்?

இதற்கு ஒரு எண் இருக்கிறது. காந்த ஏற்புத்திறன் என்பார்கள். ஒரு பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால் அது எந்த அளவுக்குத் தானும் காந்தத்தன்மை பெறுகிறது என்பதன் அளவு. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். தண்ணீருக்கு மைனஸ் 9. தசையும் மற்ற மென்திசுக்களும் அதையொட்டியே இருக்கும். அதாவது உடம்பு புலத்தை மிக லேசாக எதிர்க்கிறது. படத்துக்கு முக்கியமானது இந்த எண்ணைவிட, திசுவுக்கும் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கும் இடையிலான வித்தியாசம்.

சிர்கோனியம் சுமார் 110. டைட்டானியம் சுமார் 180. மூட்டு மாற்றில் வரும் கோபால்ட் குரோம் கலவை 900ஐ ஒட்டி, கலவைக்குத் தகுந்தபடி அதற்கு மேலும். காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள் 3,500 முதல் 6,700 வரை. ஒரே அளவில் நான்கு ஸ்க்ரூ செய்து ஒரே முழங்காலில் வைத்தால், எதைச் சுற்றி அதிகக் கறுப்பு இருக்கும் என்று இந்த வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதில் ஒரு நுணுக்கம். எண் ஐந்து மடங்கு என்றால் கறையும் ஐந்து மடங்கு அகலமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. சிறிய, உருண்டையான உலோகத் துண்டிலிருந்து விலகிப் போகப் போகப் புலத்தின் பிசகு மிக வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் பிசகு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பிசகு ஐந்து மடங்கானால் அது எட்டுகிற தூரம் ஏறக்குறைய 1.7 மடங்குதான் கூடும். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் முழங்காலில் பார்க்க வேண்டிய ஜவ்வு, எலும்பின் விளிம்பு, சிமென்ட் எலும்போடு சேரும் இடம் எல்லாமே உலோகத்துக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. அந்தச் சில மில்லிமீட்டருக்குள் 1.7 மடங்கு என்பது பெரிய வித்தியாசம்.

டைட்டானியம் காந்தத்துக்குக் கட்டுப்படாது, அதனால் படத்தைப் பாதிக்காது என்று பலர் சொல்லக் கேட்கலாம். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. இழுக்காது, ஆனால் பாதிக்கும். 180க்கும் மைனஸ் 9க்கும் உள்ள இடைவெளியே எம்.ஆர்.ஐ.க்குத் தாராளம்.

மாற்று மூட்டில் எது எங்கே இருக்கிறது

மூட்டு மாற்று என்றால் ஒரே உலோகக் கட்டி என்று நினைக்க வேண்டாம். தொடை எலும்பின் முனையை மூடும் வளைந்த பாகம் பெரும்பாலும் கோபால்ட் குரோம். தேய்மானத்தைத் தாங்குவதிலும் பளபளப்பாக மெருகேற்றுவதிலும் அது கெட்டி. கீழே கால் எலும்பின் மேல் உட்காரும் தட்டு பல மாடல்களில் டைட்டானியக் கலவை, அதில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் இருக்கும். சில மாடல்களில் அதுவும் கோபால்ட் குரோம்தான். இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். முழங்கால் சில்லின் உட்பக்கத்தில் வைத்தால் அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பொத்தான். இவற்றை எலும்போடு பிடித்து வைக்க அக்ரிலிக் சிமென்ட்.

அதனால்தான் ஒரே முழங்காலின் படத்தில் மேல் பாதி மோசமாகவும் கீழ்ப் பாதி ஓரளவு தெளிவாகவும் இருப்பதைப் பார்க்க முடிகிறது. மேலே இருப்பது கோபால்ட் குரோம், அதுவும் வளைவுகளும் முளைகளும் கொண்ட பெரிய வடிவம். கீழே டைட்டானியம். அதோடு அந்தத் தட்டின் தண்டு காலின் நீளவாக்கில் நிற்கிறது. படுத்திருப்பவரின் கால் நீட்டியிருக்கும் திசையும் வழக்கமான இயந்திரத்தின் முக்கியக் காந்தப்புலத்தின் திசையும் ஒன்றே. நீளமான உலோகம் புலத்தின் திசையிலேயே கிடந்தால் பிசகு குறைவு, குறுக்கே கிடந்தால் அதிகம். எலும்பில் சாய்வாக ஏற்றிய ஸ்க்ரூ, நேராக நிற்கும் அதே ஸ்க்ரூவைவிட அசிங்கமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பிளாஸ்டிக்கும் சிமென்ட்டும் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். உலோகத்தின் கறுப்பும் இந்தக் கறுப்பும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் குழப்பம். பாலிஎத்திலீன் முழுக்க ஹைட்ரஜன், வேடிக்கைதான். ஆனால் திடப்பொருளில் இறுகிக் கிடக்கும் ஹைட்ரஜனின் சிக்னல், இயந்திரம் கேட்கத் தொடங்குவதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் பிளாஸ்டிக் தன் உண்மையான வடிவத்திலேயே, ஓரங்கள் கூர்மையாக, கறுப்பாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதை அது தொந்தரவு செய்யாது. உலோகத்தின் கறுப்பு அதன் எல்லையைத் தாண்டி வழியும். ஓரத்தில் ஒரு பளீர் வெள்ளைக் கோடும் அடிக்கடி இருக்கும். கறுப்பைப் பார்த்ததும் அதன் ஓரத்தைப் பாருங்கள் என்பது படம் பார்க்கக் கற்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் யோசனை.

மேற்பரப்பை வைத்து உலோகத்தை எடைபோடுவதும் ஏமாற்றும். உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்காகத் தங்க நிறத்தில் மின்னும் டைட்டானியம் நைட்ரைடு பூசிய மூட்டுகள் வருகின்றன. பெயரில் டைட்டானியம் இருப்பதால் படம் நன்றாக வரும் என்று நம்பிவிடக் கூடாது. பூச்சு சில மைக்ரான் தடிமன்தான். அதற்குள்ளே இருப்பது பெரும்பாலும் அதே கோபால்ட் குரோம், பிசகும் அதே அளவு. ஆக்சினியம் என்று விற்கப்படும் வகை இதற்கு நேர்மாறு. வெளியே கறுப்பாகப் பளபளக்கும் செராமிக் தோல், உள்ளே முழுக்கச் சிர்கோனியமும் 2.5 சதவீதம் நியோபியமும் சேர்ந்த கலவை. செராமிக் மெல்லிய படலம்தான் என்றாலும் உள்ளே இருக்கும் உலோகமே எண் குறைவானது என்பதால், கோபால்ட் குரோம் மூட்டோடு ஒப்பிட்டால் சுற்றியுள்ள திசு கணிசமாகத் தெளிவாகத் தெரியும்.

எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்வதற்காக நுண்துளைகள் உள்ள டான்டலம் என்ற உலோகத்தில் செய்த பாகங்களும் உண்டு. இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி. சி.டி. ஸ்கேனில் இது படுத்தி எடுத்துவிடும், ஏனென்றால் சி.டி.யில் படத்தைக் கெடுப்பது பொருளின் அடர்த்தியும் அணு எண்ணும். எம்.ஆர்.ஐ.யில் முக்கியமான காந்த ஏற்புத்திறனிலோ டான்டலம் ஏறக்குறைய டைட்டானியத்துக்குச் சமம். ஒரு ஸ்கேனில் மோசமாகத் தெரிந்த இம்பிளான்ட் மற்றதிலும் மோசமாகத்தான் தெரியும் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜவ்வு அறுவை சிகிச்சையில் வைக்கும் ஸ்க்ரூக்கள் பல விதம். டைட்டானியம் உண்டு, உடம்பிலேயே கரைந்துபோகும் பாலிமர் உண்டு, பீக் என்ற பிளாஸ்டிக் உண்டு. பின்னிரண்டும் படத்தைக் கெடுப்பதில்லை, ஸ்க்ரூவின் மரைகூடக் கறுப்பில் கோடு கோடாகத் தெரியும். பழைய எலும்பு முறிவுக்குப் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட்தான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை.

உள்ளே எந்த உலோகமும் வைக்காதவருக்கும் கறுப்புப் பொட்டுகள் வரலாம். முன்பு எப்போதோ எலும்பைத் துளைத்த, சுரண்டிய கருவியிலிருந்து உதிர்ந்த தூள் அது. எக்ஸ்ரேயில் கண்ணுக்கே படாது. எம்.ஆர்.ஐ.யில் தன் அளவைவிடப் பல மடங்கு பெரிய பொட்டாக நிற்கும்.

படத்தில் என்னென்ன நடக்கிறது

ஸ்கேன் அறையில் முதல் அரை நிமிடத்தில் நடப்பதைப் பார்த்தால் இது எளிதில் புரியும். எங்கே வெட்டுப் படங்கள் எடுப்பது என்று குறித்துக்கொள்ள, டெக்னீசியன் முதலில் அவசரமாக ஒரு வழிகாட்டிப் படம் எடுப்பார். மாற்று மூட்டு உள்ளவரின் வழிகாட்டிப் படத்தில் முழங்காலே இருக்காது. தொடை கீழே இறங்கி வரும், கால் கீழே தொடரும், நடுவில் பெரிய கறுப்புப் பள்ளம். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உறவினர் அதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், முகம் மாறிவிடும். அப்புறம் பத்து நிமிடம் கழித்து வரும் முக்கியப் படத்தில், அதே காலில், அந்தப் பள்ளத்தில் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். ஜவ்வு தெரியும், எலும்பு தெரியும், மூட்டில் சேர்ந்திருக்கும் நீர் தெரியும். இடையில் உலோகம் மாறவில்லை. எடுத்த முறை மாறியது.

வழிகாட்டிப் படத்தைப் பெரும்பாலும் கிரேடியன்ட் எக்கோ என்ற வேகமான முறையில் எடுப்பார்கள். பெஞ்சுக்குத் திரும்பிப் போவோம். ஒரு பிக்சல் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு சிறு கூட்டம். உலோகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒவ்வொருவரின் சுருதியும் வேறாகிவிடுகிறது. சேர்ந்து தொடங்கினாலும் சில மில்லிசெகண்டில் ஒருவர் ஏற மற்றவர் இறங்க, குரல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மௌனமாகிவிடும். அதுதான் கறுப்புப் பள்ளம். ஸ்பின் எக்கோ என்ற முறையில் நடுவில் ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்து எல்லாரையும் திருப்பிவிடுகிறார்கள். முந்திப் போனவர் பிந்தி, பிந்தியவர் முந்தி, கேட்கும் நேரத்துக்குச் சரியாக மறுபடி ஒன்றுசேர்கிறார்கள். மௌனம் விலகுகிறது.

ஆனால் சுருதிப் பிசகு அப்படியே இருக்கிறது. குரல் திரும்பக் கேட்கிறது, தப்பான சுருதியில். ஆகவே ஸ்பின் எக்கோ கறுப்பைக் குறைக்கும், இடப்பெயர்ச்சியைக் குறைக்காது. பல எளிய விளக்கங்களில் இந்த வித்தியாசம் விடுபட்டுப் போகிறது. இடப்பெயர்ச்சியால்தான் நேரான எலும்பு வளைந்ததுபோலத் தெரிகிறது. பல இடங்களிலிருந்து வந்த சிக்னல் ஒரே சுருதியில் விழுந்து ஒரே புள்ளியில் குவியும்போது அந்தப் பளீர் வெள்ளைக் கோடும் வருகிறது.

எவ்வளவு நகரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலோகத்தை ஒட்டிய ஓரிடத்தில் அதிர்வெண் 2,000 ஹெர்ட்ஸ் பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டு மாற்றுக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் பிசகுவது சாதாரணம். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் உள்ள சுருதி வித்தியாசம் 200 ஹெர்ட்ஸ், பிக்சலின் அகலம் அரை மில்லிமீட்டர் என்றால், அந்தத் திசு 10 பிக்சல், அதாவது 5 மில்லிமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். முழங்கால் சில்லுக்குக் கீழே இறங்கும் தசைநாரின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான். இப்போது பிக்சல்களுக்கு இடையிலான வித்தியாசத்தை 600 ஹெர்ட்ஸ் ஆக்கினால் நகர்வு 1.7 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். எளிய தீர்வாகத் தெரிகிறது. ஆனால் சும்மா வராது: படத்தில் இரைச்சல் 1.7 மடங்கு கூடும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். நேரம் மூன்று மடங்கு.

வெட்டுப் படத்தின் தட்டைத்தன்மையும் கெடும். எந்த ஸ்லைஸ் வேண்டும் என்று இயந்திரம் தேர்ந்தெடுப்பதும் சுருதியை வைத்துத்தான். இந்தச் சுருதிக்காரர்கள் மட்டும் பாடுங்கள் என்று அழைத்தால், பிசகிய சிலர் அழைப்பைக் கேட்காமல் சும்மா இருப்பார்கள், வேறு ஸ்லைஸில் இருக்கும் சிலர் தங்களைத்தான் அழைத்ததாக நினைத்துப் பாடுவார்கள். விளைவு, தட்டையாக இருக்க வேண்டிய வெட்டு முன்னும் பின்னும் நெளிந்துபோகிறது.

கொழுப்பு விஷயம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் இது படத்தைக் கெடுப்பதோடு நிற்காமல் பொய்யும் சொல்லும். வீக்கம், தொற்று, நீர் கோத்தல் இவற்றைப் பார்க்க, கொழுப்பின் வெள்ளையை அடக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் வெள்ளையாகக் காட்டுவார்கள். வழக்கமான முறை, கொழுப்பும் தண்ணீரும் 1.5 டெஸ்லாவில் சுமார் 220 ஹெர்ட்ஸ் வேறுபடுவதை நம்பியிருக்கிறது. உலோகம் ஆயிரக்கணக்கில் பிசக வைக்கும் இடத்தில் 220க்கு என்ன மரியாதை? கொழுப்பு தப்பித்துக்கொண்டு வெள்ளையாக மின்னும். பார்ப்பவர் அசந்தால் அதை எலும்பு வீக்கம் என்று நினைத்துவிடலாம். சில இடத்தில் தண்ணீரே அடங்கிப்போய், இருக்கும் வீக்கமும் மறையும். அதனால் உலோகம் உள்ளவருக்கு ஸ்டிர் என்ற வேறு முறையைப் பிடிப்பார்கள். அது அதிர்வெண்ணைப் பார்ப்பதில்லை. துடிப்புக்குப் பிறகு கொழுப்பு தண்ணீரைவிட விரைவாகத் தன் நிலைக்குத் திரும்புகிறது என்ற குணத்தை வைத்து அதை அடக்குகிறது. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நம்பலாம்.

ஸ்கேன் எடுப்பவர் கையில் இருப்பது

முதலில் இயந்திரம். 3 டெஸ்லா என்றால் 1.5ஐவிட உயர்ந்தது, தெளிவானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உலோகம் இல்லாத முழங்காலுக்கு அது பெரும்பாலும் சரி. உலோகம் இருந்தால் கணக்குத் தலைகீழ். புலம் இரண்டு மடங்கானால் பிசகும் இரண்டு மடங்கு. மூட்டு மாற்று உள்ளவருக்கு இரண்டும் கிடைக்கிற இடத்தில் 1.5 டெஸ்லாவைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. 3 டெஸ்லாவில் முடியாது என்றில்லை. திறமையாக அமைத்தால் பயன்படும் படம் கிடைக்கும். ஆனால் வலியப் போய்ச் சிரமத்தைத் தேடுவானேன்.

அப்புறம் மெல்லிய ஸ்லைஸ், அகலமான பட்டை (பிக்சல்களுக்கு இடையிலான சுருதி வித்தியாசத்தைக் கூட்டுவது), ஸ்பின் எக்கோ, ஸ்டிர். இவையெல்லாம் எந்த இயந்திரத்திலும் உள்ள அமைப்புகள்தான். கூடுதல் மென்பொருள் வேண்டாம், அக்கறை வேண்டும். இடப்பெயர்ச்சி பெரும்பாலும் எந்தத் திசையில் அதிர்வெண்ணை வைத்து இடம் குறிக்கிறார்களோ அந்தத் திசையில் நடக்கும் என்பதால், அந்தத் திசையை மாற்றிவைத்து, பார்க்க வேண்டிய இடத்தின் மேல் கறை விழாமல் தள்ளிவிடவும் முடியும். டைட்டானிய ஸ்க்ரூ, சிறு உலோகப் பொத்தான் போன்றவற்றுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

கோபால்ட் குரோம் மூட்டுக்கு இன்னும் கொஞ்சம் கனமான ஆயுதம் தேவை. 2009ல் இரண்டு முறைகள் வெளிவந்தன, செமாக் என்றும் மேவ்ரிக் என்றும். செமாக் ஒவ்வொரு ஸ்லைஸையும் எடுக்கும்போது, அதிலிருந்து வந்த சிக்னல் உண்மையில் முன்னும் பின்னும் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதையும் கூடவே பதிவு செய்துகொள்கிறது. நெளிந்துபோன வெட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு, பிறகு கணினியில் ஒவ்வொன்றையும் அதனதன் சொந்த இடத்துக்குத் திருப்பி வைக்கிறது. மேவ்ரிக் வேறு வழியில் போகிறது: சரியான சுருதியில் இருப்பவர்களை மட்டும் கேட்காமல், இவ்வளவு பிசகியவர்கள், அதைவிடப் பிசகியவர்கள் என்று பட்டை பட்டையாகத் தனித்தனியே எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்குகிறது. பெரிய இயந்திரத் தயாரிப்பாளர்கள் இவற்றின் ஏதாவது ஒரு வடிவத்தை இன்று தருகிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் (ஒரே அமைப்பில் எடுக்கும் ஒரு தொகுதிப் படங்களை இப்படிச் சொல்வார்கள்) நேரம் அதிகம் பிடிக்கும், அவ்வளவு நேரம் காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. குறைந்த தரவிலிருந்து படத்தைக் கட்டும் புதிய கணக்கு முறைகள் அந்த நேரத்தைக் குறைத்துவருகின்றன.

இவ்வளவு செய்தாலும் கோபால்ட் குரோமை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் இருட்டாகவே இருக்கலாம். அதற்கு வெளியே இருப்பதைப் பார்க்க முடிவதே லாபம்: மூட்டு உறையின் தடிப்பு, பிளாஸ்டிக் தேய்ந்த துகள்களால் எலும்பு அரிக்கப்பட்ட குழிகள், தொடைத் தசையின் நாண் கிழிந்திருக்கிறதா, பக்கவாட்டு ஜவ்வுகள் முழுதாக இருக்கின்றனவா, முழங்காலுக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாயும் நரம்பும் எப்படி இருக்கின்றன. பாதி மூட்டு மட்டும் மாற்றியவருக்கு வசதி இன்னும் அதிகம். உலோகம் ஒரு பக்கம்தான் என்பதால் மறுபக்கத்துக் குருத்தெலும்பையும் சவ்வையும் நன்றாகப் பார்க்கலாம்.

ஸ்கேனுக்குப் போகும் முன்

இதில் நோயாளி செய்யக்கூடியது ஒன்றுதான், ஆனால் அது பெரிய உதவி: உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு போவது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரும் இம்பிளான்ட் கார்டில் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் எல்லாம் இருக்கும். அது தொலைந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஆபரேஷன் குறிப்பிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் கிடைக்கும். நேரம் குறிக்கப் போனில் பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது. உலோகத்துக்கான வரிசைகளுக்கு நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். டேபிளில் படுத்த பிறகு சொன்னால், அடுத்த நோயாளி காத்திருக்கும்போது, வழக்கமான வரிசையையே ஓட்டி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். உலோகப் பிசகைக் குறைக்கும் வரிசை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அதே நேரம், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. நன்றாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு மூட்டைத் தேர்ந்தெடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எத்தனை வருடம் உழைக்கும், எலும்புக்கும் வயதுக்கும் பொருந்துமா, சர்ஜனுக்குக் கைப்பழக்கம் எதில் என்பவைதான் முன்னால் நிற்க வேண்டும்.

முதுகுக்கோ தலைக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்கள் முழங்கால் உலோகத்தால் படம் கெட்டுவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். பிசகு உலோகத்தைச் சுற்றிச் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்போதும் உலோகம் இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ரிப்போர்ட்டில் "உலோகக் குறுக்கீட்டால் இந்தப் பகுதியை மதிப்பிட இயலவில்லை" என்று இருந்தால், அங்கே பிரச்சினை இல்லை என்று படித்துவிடாதீர்கள். அந்த இடம் இன்னும் பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான். வேறு அமைப்பில் மறுபடி எடுக்கலாமா என்று டாக்டரிடமும் ரேடியாலஜிஸ்டிடமும் கேளுங்கள். தசைநாருக்கும் மூட்டில் கோத்த நீருக்கும் அல்ட்ராசவுண்டே பல சமயம் போதும், உலோகம் அதற்கு அவ்வளவாக இடைஞ்சல் இல்லை. எலும்பு அரிப்புக்குச் சி.டி. இருக்கிறது. தொற்று என்ற சந்தேகம் இருந்தால், எந்தப் படத்துக்கும் காத்திராமல் ரத்தப் பரிசோதனை செய்து, மூட்டிலிருந்து ஊசியில் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.